முப்பத்திரண்டு டைல்

"மாமா ரூமுக்குக் கொஞ்சம் கிணத்தடி டைலும் வேணும்," என்றாள் அண்ணி யூனிஸ்.

மெட்டில்டாவுக்குச் சுருக்கென்றது. குரோம்பேட்டையிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்தவள் காதில் இப்படி ஒன்று விழுந்தால் சும்மா இருப்பாளா?

அஸ்தினாபுரம் வீட்டுக்குப் புதுத் தரை போடப் போகிறார்கள். அண்ணன் தேவானந்தம் காலையிலிருந்து டேப்பும் கையுமாகத் தரையோடு தரையாகக் கிடந்தான்.

"முக்கால் அடி மொசைக் டைல். ஹால்ல நீளவாட்டுல இருபது, அகலத்துக்குப் பதினாறு. முந்நூத்தி இருபது ஆச்சா? அப்பா ரூமுக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டு. ஆக மொத்தம் ஐந்நூத்திப் பன்னெண்டு."

"மொசைக் நானூத்தி எண்பது போதும். மீதி முப்பத்திரண்டும் சொரசொரன்னு கோடு போட்ட சிமெண்ட் டைல்," என்றாள் யூனிஸ்.

"ஏன் அண்ணி, அது வழுக்காம இருக்கக் கிணத்தடியில போடறதாச்சே!"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அப்பா தலையில கட்டறீங்களா? நாலு பேர் வந்து உட்கார்ற ஹால் பளபளன்னு மின்னணும். வயசானவர் ரூமுக்கு இது போதும். அப்படித்தானே?"

யூனிஸின் முகம் சிவந்தது.

"நானும் கேட்டுட்டேன். காரணம் சொல்ல மாட்டேங்கறா," என்றான் தேவானந்தம் எரிச்சலாக.

"நீ கேட்ட லட்சணம்!" என்று அவனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, மெட்டில்டா விறுவிறுவென்று அப்பாவின் அறைக்குப் போனாள்.

ஏசுதாசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க மருமக பண்றதைப் பார்த்தீங்களாப்பா? உங்க ரூமுக்குக் கிணத்தடி டைலாம்!"

"கத்தாதே. கேட்டதே நான்தான்."

"நீங்களா?"

"கதவைச் சாத்திட்டு வா."

சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கும்மா. அடுத்த கிறிஸ்துமஸுக்குள்ள சுத்தமாப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு வரிசை சொரசொரப்பா இருந்தா, கால் வெச்சே கண்டுபிடிச்சுப் போயிடுவேன். அதுக்கெல்லாம் ஒருத்தர் கையைப் பிடிக்கணும்னா எனக்கு உயிரே போயிடும்."

மெட்டில்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்ககிட்ட ஏன்ப்பா சொல்லலே?"

"நீங்க ரெண்டு பேரும் இடிஞ்சு போயிடுவீங்க. அதான் யூனிஸ்கிட்ட மட்டும் சொன்னேன். யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன். பாவம், என்னால அவ பேச்சு வாங்கறா."

அவர் காலால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"பன்னெண்டு டைல்தானேம்மா, அதுக்கா இவ்வளவு சண்டை?" என்றார் அப்பா.

"பன்னெண்டா? அண்ணி முப்பத்திரண்டுன்னாங்களே!"

"இல்லையே! கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்குப் பன்னெண்டுதான் வரும். மீதி இருபது எதுக்காம்?"

மெட்டில்டா கதவைத் திறந்து பார்த்தாள்.

யூனிஸ் சாக்பீஸை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அப்பா அறை நிலைப்படியில் ஆரம்பித்த கோடு, ஹாலின் நட்டநடுவே நீளவாட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, ஹாலுக்கு நடுவுலயுமா? வர்றவன் சிரிப்பான்டி!" என்று தேவானந்தம் தலையில் அடித்துக்கொண்டான்.

யூனிஸ் கோட்டை இன்னும் நீட்டினாள்.

"என்னம்மா பேச்சையே காணோம்? இருபது எதுக்கு?" உள்ளேயிருந்து அப்பா மறுபடியும் கேட்டார்.

மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெருவாசல் வரைக்கும்ப்பா."