தம்பிக்குக் கிடைத்த நேரம்

"தம்பிக்காக வந்திருக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.

மனநல ஆலோசகருக்கு அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஜலதோஷம் பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தப்பா நினைக்காதீங்க என்றார். அது ஏனோ அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

சொல்லுங்க என்று அவர் கைகாட்டியதும் ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும். இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அம்மா போன பிறகு வீட்டில் அவளும் தம்பியும்தான். வீட்டுக்குப் போனால்தான் அவளுக்குப் பேச்சுக் குரலே கேட்கும். அதுவும் தம்பியின் குரல்.

தம்பிக்கு முடிவெட்டும் வேலை. கடையில் அவனுக்கு ரேடியோ என்று பேர். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது. தலையில் நாலே முடி உள்ளவரிடம்கூட, வகிடு எந்தப் பக்கம் எடுக்கட்டும் என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்துவிடுவான். வேறு நாற்காலி காலியாக இருந்தாலும் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு வந்தவர்களை எல்லாம் அவளுக்கு நடித்துக் காட்டுவான்.

அந்த ரேடியோ கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது.

அலுப்பு என்றுதான் அவள் நினைத்தாள். கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் அவளைத் தெருவில் நிறுத்தி, "உன் தம்பிக்கு எம்மேல ஏதாவது கோபமா? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்" என்று கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது.

பிறகு ஒருநாள், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கியது. மூச்சு முட்டியது. பாதி முகத்தில் நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

இதயக் கோளாறு என்று பயந்து எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவளுக்கு உயிர் வந்தது. தம்பியின் முகம் தொங்கிப்போனது. ஏதாவது ஒரு நோயின் பேரைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தூங்கவே மாட்டான் மேடம். தூக்கம் வரணும்னு குடிப்பான். குடிச்சிட்டோமேன்னு மறுநாள் பூரா தன்னையே திட்டிக்குவான். குளிக்க எழுந்திரிக்கறதே பெரிய வேலையா இருக்குக்கான்னு சொல்லுவான்."

ஆலோசகர் குறுக்கே பேசவில்லை. அவள் நிறுத்திய பிறகு, மனச்சோர்வும் பதற்றமும் குடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருவது உண்டு என்றார். எது முதலில் வந்தது என்று குழம்ப வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்தே சரிசெய்யப் பார்க்கலாம் என்றார்.

அவள் அதை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். யாருக்கோ கொண்டுபோய்ச் சொல்லப் போகிறவளைப் போல.

இங்கே வரச் சொல்லி அவள்தான் தம்பியை நச்சரித்தாள். "நான் என்ன பைத்தியமா?" என்று எரிந்து விழுந்தான். இன்னொரு தடவை தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளோடு சேர்ந்து ஒன்றிரண்டு உரித்தான்.

"சரிக்கா, வர்றேன். நீயும் கூட வருவியா?"

மறுநாள் காலையிலேயே அவள் இங்கே போன் செய்து நேரம் கேட்டாள். முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். எவ்வளவு கெஞ்சியும் இன்றைய தேதிதான் கிடைத்தது.

ஆலோசகர் சிரித்த முகமாகக் கதவுப் பக்கம் பார்த்தார். தம்பி வரச் சம்மதித்ததே பெரிய விஷயம் என்றார்.

"வெளியில உட்கார்ந்திருக்காரா? கூச்சமா இருந்தா நீங்களும் கூடவே இருக்கலாம், கூப்பிடுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல மேடம். போன மாசம் அவன் உயிரை விட்டுட்டான். அவனாவே."

ஆலோசகரின் கை மேசைமேல் அப்படியே நின்றது.

"வரலைன்னு சொல்லிடலாம்னு போனை எடுத்தேன். சொல்ல வாய் வரல. அவன் யார் பேச்சையும் கேக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. கேட்டான் மேடம். வர்றேன்னு சொன்னான். உங்களுக்காவது அது தெரியணும்னுதான் வந்தேன்."

சொல்லி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய நேரத்தைத் தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

ஆலோசகர் எழவில்லை. மூக்கைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"இந்த நேரம் இன்னும் முடியல. உட்காருங்க. நீங்க தூங்குறீங்களா?"

தூங்குகிறேன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

கேட்டவர்களிடமெல்லாம் தம்பியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"இல்ல மேடம்" என்றாள்.