அம்மா இல்லியா?

குருமனை வாசலில் நின்ற ரூபி, போதகர் ஞானாபரணத்தைத் தாண்டி உள்ளே பார்த்தாள். “அம்மா இல்லியா ஐயா?” சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், கல்யாணம் தட்டிப்போனாலும் அவர் மனைவி சுகிர்தத்தின் கைதான் தலையில் வேண்டும். வேதாகமக் கல்லூரி வாசலை மிதிக்காதவள் அவள். இத்தனை வருட ஊழியத்தில் அவரை யாரும் அப்படித் தேடியதில்லை.

“என்ன விஷயம்? எங்கிட்டச் சொல்லு.”

“வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆப்பரேசன். அம்மா ஜெபிச்சா தைரியமாப் போவேன்.”

“அவ ஊருக்குப் போயிருக்கா.” பொய் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். “முழங்கால் போடு, நான் ஜெபிக்கேன்.”

ரூபி மனமில்லாமல் மண்டியிட்டுக் கண்களை மூடினாள். அவள் தலையில் கைவைத்து உருகி ஜெபித்தார். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுகிர்தம், வீட்டில் ஜெபச் சத்தம் கேட்டால் எப்போதும் சொல்வதுபோல, “ஆமென், ஆண்டவரே” என்றாள்.

அவர் உள்ளங்கைக்குக் கீழே ரூபியின் தலை மெல்ல நிமிர்ந்தது. ஜெபத்தை முடித்தால் அவள் கண்ணைத் திறந்துவிடுவாள். ஞானாபரணம் ஆஸ்பத்திரியிலுள்ள எல்லா நோயாளிகளுக்காகவும், பிறகு தேசத்துத் தலைவர்களுக்காகவும் ஜெபிக்கத் தொடங்கினார்.