மீதிப் பதவிக்காலம்

கீழே இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். நீளமாக, பல் கூசுகிற மாதிரி.

கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஹார்லனின் துப்பாக்கியை எடுத்தேன்.

அமெரிக்காவின் மிசூரி மலைப்பக்கத்தில் எங்கள் கவுண்டி, ஒரு சின்ன மாவட்டம். அதன் காவல் தலைவரான ஷெரீஃபுக்கு வீடும் சிறையும் ஒரே கட்டிடம். மேலே குடும்பம், கீழே கைதி. வசந்தகால வெள்ளத்தில் ஷெரீஃபான என் கணவர் ஹார்லனை ஆறு கொண்டுபோனது. தொப்பி மட்டும்தான் கிடைத்தது. அடுத்த தேர்தல்வரை மீதிக் காலத்தை மனைவி பார்க்கட்டும் என்று, வழக்கப்படி, என் தலையில் கட்டிவிட்டார்கள். கன்னியாஸ்திரீகளிடம் பூத்தையல் படித்தவள் நான்.

"ஒரு கைதி ஓடினாப் போதும் ஷெரீஃபம்மா, பதவியும் போச்சு, வீடும் போச்சு. புள்ளையத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

துணை ஷெரீஃப் ஹோபார்ட் தினமும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். வரும் தேர்தலில் அவன் நிற்கிறான்.

இருக்கிற கைதி ஒரே ஒருத்தன். விர்ஜில். பூட்டாத வீடாகப் பார்த்து நுழைகிற திருடன்.

படியிறங்கினேன். அவன் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

வாசல் கதவருகே நின்றிருந்தான். கை தாழ்ப்பாளில்.

"நகராதே! சுட்டுடுவேன்."

"மொதல்ல அதை நேராப் பிடிங்கம்மா. உங்க காலைத்தான் சுட்டுக்குவீங்க."

"எப்படி வெளிய வந்தே?"

"கரண்டிக் காம்பாலதான். அந்தப் பூட்டு உங்க கல்யாணத்துக்கு முந்தியே செத்துப்போச்சு."

"ஓடத்தானே பார்த்தே?"

"ஓடறவன் தாழ்ப்பாளைத் திறப்பானா, போடுவானா?"

பார்த்தேன். தாழ்ப்பாள் பாதி ஏறி நின்றிருந்தது.

"பனியில இறுகிக் கிடக்கு. அதான் கத்திடுச்சு. மத்த நாள்ல உங்களுக்குக் கேக்காது."

"மத்த நாளா?"

"தினமும்தான்மா. நீங்க மாடிக்குப் போனதும் போடுவேன், விடியறதுக்குள்ள எடுத்துடுவேன். பூட்டாத கதவை எங்க ஆளுங்க தூரத்திலேயே மோப்பம் பிடிச்சிடுவாங்க. மேல பச்சப்புள்ள வேற."

"போட்டது போட்டபடியே இருக்கட்டுமே. ஏன் எடுக்கணும்?"

விர்ஜில் தரையைப் பார்த்தான்.

"நீங்க மறந்தா தாழ் போடாம விடறீங்க? ஷெரீஃப் ஐயா ரோந்து முடிச்சு நேரங்கழிச்சு வருவாருன்னுல்ல விடறீங்க. காலையில தாழ் போட்டிருக்கறதைப் பார்த்தா மனசு விட்டுப்போயிடும்."

துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது.

அவன் தன் அறைக்குள் போய்க் கதவைத் தானே சாத்திக்கொண்டான். கரண்டியைக் கம்பி வழியாக நீட்டினான்.

"வாங்கிக்கங்க ஷெரீஃபம்மா. ஹோபார்ட் பார்த்தா உங்க வேலைக்கு வேட்டு வெச்சிடுவான்."

"நீயே வெச்சுக்கோ. காலையில கூழ் குடிக்கணுமில்லே?"

வாசலுக்கு வந்து கதவைத் திறந்து பார்த்தேன். பாதையெல்லாம் பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் அழுத்தி, தாழ்ப்பாளை நானே போட்டேன்.