புரியாத டப்பா

"ஏ டப்பா, இன்னைக்குக் காய் என்ன வெலை?"

மெஹ்ராஜ் கேட்டதும், அலமாரி மேலே இருந்த பேசும் உருண்டை டப்பாவில் நீல விளக்கு சுற்றியது.

"கத்தரிக்காய் கிலோ நாற்பது ரூபாய். முருங்கைக்காய்..."

"அட கூறுகெட்டதே! நான் ஏலக்காயக் கேட்டேன்."

போடியில் காய் என்றாலே ஏலக்காய்தான். டப்பா செய்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை," என்றது டப்பா.

"சரி விடு. மெட்டுல மழை பெய்யுதா, அதையாச்சும் சொல்லு."

"மழைப் பாடல்களின் மெட்டு, இதோ உங்களுக்காக!"

டமடமவென்று ஒரு பாட்டு வீட்டையே தூக்கியது. மெஹ்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முன்னறையில் காய் சாம்பிளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த அவள் புருசன் சவுகத் அலிக்கு எரிச்சல். ஏலக்காய் வியாபாரி அவர்.

"போடிமெட்டைக் கேட்டா பாட்டு மெட்டைப் போடுது! ஒம் மகன் சென்னையிலருந்து பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்புன லட்சணம். இதோட நாள் பூரா மல்லுக்கட்டுறியே, ஒனக்குக் கிறுக்கா புள்ள?"

அப்போதுதான் செல்போன் கடை பிரபாகரன் கையில் ஒரு புது டப்பாவோடு உள்ளே வந்தான்.

"பாய், இன்னைக்குத்தான் கடைசி நாளு. பழசக் குடுத்துட்டு இதை வாங்கிக்கங்க. பைசா கெடையாது."

"சும்மாவா? எவன்டா அந்த வள்ளல்?"

"ரெண்டு டப்பாக் கம்பெனிக்கும் கோர்ட்டுல சண்டை பாய். எங் கொரல நீ திருடிட்ட, நீ திருடிட்டன்னு ஒரே அடிதடி. ஒங்க டப்பாக்காரன் தோத்துட்டான். ஜெயிச்சவன் வீடு வீடா பழசை வாங்கிக்கிட்டு அவன் டப்பாவ வைக்கிறான்."

புது டப்பாவைப் பார்க்க ஓடி வந்த பக்கத்து வீட்டு ராஜாத்தி, மோவாயில் கை வைத்தாள்.

"கொரலக்கூடவா திருடுறாங்ய? எங்க வீட்டுக்காரர் கொரல எவனாச்சும் திருடிட்டுப் போனாத் தேவலையே. கொறட்டையவும் சேத்து எடுத்துக்கிரட்டும்!"

பன்னிரண்டாவது படிக்கிற மகள் மிஸ்பா இடையில் புகுந்தாள்.

"அத்தா, நான் கம்ப்யூட்டருக்குப் படிக்கட்டா?"

"வேணாம்," என்றார் சவுகத் அலி. "கம்ப்யூட்டர் வேலைய இனிமே கம்ப்யூட்டரே பாத்துக்கிரும். நீ வக்கீலுக்குப் படி. இவங்ய சண்டை இப்போதைக்கு ஓயாது."

"அவளுக்கு டீச்சராகணும்னு..." என்று ஆரம்பித்தாள் மெஹ்ராஜ்.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு."

பிரபாகரன் புது டப்பாவுக்குக் கரண்டு கொடுத்தான்.

"கேளுங்கக்கா. என்ன வேணா கேளுங்க."

"காய் என்ன வெலை?"

கேட்ட வாய் மூடவில்லை. போடி ஏலத்தில் அன்றைக்குக் காய் போன விலையைப் புட்டுப் புட்டு வைத்தது டப்பா. சவுகத் அலி தன் போனில் பார்த்தார். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

"மெட்டுல மழையா?"

"மெட்டில் சாரல். குரங்கணிப் பக்கம் மேக மூடாக்கு. மலைக்குப் போவதென்றால் வெரசாகக் கிளம்பவும்."

"ஆத்தாடி, வெரசாங்குதே!" என்று ராஜாத்தி கை தட்டினாள். "இது நம்ம ஊர்லயே பெறந்து வளந்தது மாதிரியில்ல பேசுது!"

மெஹ்ராஜுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. டப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நெய்ச்சோறு ஆக்கப்போறேன். அன்னாசிப்பூ நாலு போடுவேன்."

"அது தவறு. ஒன்று போதும்."

"எங்கம்மா நாலுதான் போடுவாங்க."

"அதுவும் தவறு. சரியான முறையை நான் விளக்குகிறேன்..."

விளக்கியது. விளக்கிக்கொண்டே இருந்தது. மெஹ்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த தவறைச் சொல்லிவிட்டது.

சவுகத் அலிக்குத் தலைகால் புரியவில்லை. தொடையைத் தட்டினார்.

"அப்படிச் சொல்லு! நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிரபாகரா, பழசைக் கழட்டிக் கொண்டாப்பா."

பிரபாகரன் அலமாரிப் பக்கம் போனான். மெஹ்ராஜ் அவனுக்கு முன்னால் ஓடிப் பழைய டப்பாவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் தரமாட்டேன்."

எல்லோருக்கும் திகைப்பு.

"அம்மா, ஊரே மாத்திக்கிருச்சு. அதுக்கு நீ பேசுற ஒத்த வார்த்தை புரியாதும்மா," என்றாள் மிஸ்பா.

"இனிமே புரியவும் செய்யாதுக்கா. அதுக்குப் புதுசா கத்துக்குடுக்கக் கம்பெனியே இல்ல. கடைசி வரைக்கும் இப்படியேதான் ஒளறும்," என்றான் பிரபாகரன்.

"ஒளறட்டும்."

"படிக்காத கழுதைன்னு நாலு பேரு சிரிக்கவா?" சவுகத் அலி எழுந்தே விட்டார். "எல்லாந் தெரிஞ்ச டப்பாவ வேணாங்குறவள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். காரணத்தைச் சொல்லு புள்ள!"

"எல்லாந் தெரிஞ்சதுதான் இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. ரெண்டு எதுக்கு?"

"எங்க இருக்கு? நான் பாக்கலையே?" என்று சவுகத் அலி சுற்றும் முற்றும் தேடினார்.

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பிரபாகரன் சிரிப்பை மறைக்கக் குனிந்து ஒயரைச் சுற்றினான்.

மெஹ்ராஜ் டப்பாவின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒங்களுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து, 'எனக்குப் புரியல, மன்னிச்சுக்க'ன்னு எங்கிட்டச் சொன்ன ஒரே ஆளு இதுதாங்க."