பாதங்களுக்கு நன்றி

ஜவுளிக்கடை திறக்கப் பத்து நிமிடம் இருந்தது. விற்பனைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். புதிதாக வந்த தியானப் பயிற்சியாளர் கண்களை மூடச் சொன்னார்.

"மூச்சைக் கவனிங்க. இப்ப பாதங்களைக் கவனிங்க. நாள் முழுக்க உங்களைத் தாங்குது. மனசார நன்றி சொல்லுங்க."

பதினோரு வருடமாகப் பட்டுப் பிரிவில் நிற்கும் எஸ்தர் கவனித்தாள். கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகத் துடித்தன. முக்காலி ஒன்று கேட்டதற்கு, உட்கார்ந்திருந்தால் கடைக்கு அழகில்லை என்று மேலாளர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

அவள் நடந்துபோய் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேலாளர் ஓடி வந்தார். "என்னம்மா, மயக்கமா?"

"இல்ல சார். நன்றி சொல்றேன்."

"நின்னுக்கிட்டே சொல்லலாமே."

"அவ்வளவு தூரத்துல இருந்து சொன்னா அதுக்குக் கேக்காது சார்."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேலாளரின் குரல் இறங்கியது. "எந்திரி. இல்லன்னா இப்படியே வீட்டுக்குப் போயிடு."

"யாரும் கண்ணைத் திறக்க வேண்டாம்" என்றார் பயிற்சியாளர், அதே மென்மையோடு.

எஸ்தர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

"பரிமளா, வந்து உக்காருடி."

வரிசையில் நின்ற பரிமளா கண்களைத் திறந்தாள்.