நாற்பது கிலோ உருளைக்கிழங்கு

"உருளைக்கிழங்கு உரிக்கிறதுக்கோ உம்மட மகன் ஆமிக்குப் போனவன்?"

வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் குமுதினிக்கு முன்னாலேயே மனைவியிடம் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தார் செல்வராசா. மகன் யதுசனின் கடிதம் மேசையில் விரித்தபடி கிடந்தது.

யதுசன் ஜெர்மன் இராணுவத்தில் சேர்ந்து மூன்று வருசம். உக்ரைனில் சண்டை மூண்ட பிறகு அவனுடைய படைப்பிரிவை லித்துவேனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பயிற்சி நேரம் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் கடிதம். அவர்கள் இருக்கிற ஜெர்மன் நகரமான வுப்பர்டாலின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் பாடமாக்கின அதே கடிதம்தான்; விசயம் மட்டும் வேறு.

"அன்புள்ள அப்பா, அம்மா அறிவது. நான் நலம். நீங்களும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். என்னைப் புதிய இடத்துக்கு மாற்றியுள்ளார்கள். அது சமையலறை. தினமும் நாற்பது கிலோ உருளைக்கிழங்கு உரிக்கிறேன். ஆபத்து எதுவும் இல்லை. இங்ஙனம், உண்மையுள்ள மகன்."

"பிள்ளை பத்திரமா இருக்கிறானே, அது காணாதே?" என்றாள் புஷ்பராணி.

"பத்திரம்தான். கத்தி கையில பட்டால் பிளாஸ்டர் ஒட்டுவினம். போர்க்களத்தில சிந்தின ரத்தமெல்லே!"

"உங்கட வாயில நல்ல சொல்லே வராதோ அண்ணை?" குமுதினிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பெத்த பிள்ளையை ஆக்களுக்கு முன்னால இப்பிடியோ?"

செல்வராசா விடவில்லை. தமிழ்க் கடையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார், யாரோ வீட்டுப் பிறந்தநாளில் மைக்கைப் பிடித்தும் சொன்னார். அந்தாளுக்கு நெஞ்சுக்குள்ள கல்லுத்தான் என்று சனம் கதைத்தது.

மகன் படையில் சேர்ந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க வேணுமெண்டாலும் போ. கண்ணிவெடி இருக்கிற பக்கம் மட்டும் போகாத."

ஊரில் வயல் பார்க்கப் போன அவளுடைய தம்பி ஒரு காலோடு திரும்பினவன். ஒரு கிழமையில் ஆளும் போய்விட்டான். யதுசனும் தாயின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனான்.

செல்வராசாவுக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். அங்கே அவருடைய அலுமாரியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, இன்னொரு கடிதம் கிடந்தது. வேலை விலாசத்துக்கு, டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், அதே நாளில் மகன் எழுதினது.

"அப்பா, என்னைக் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். கட்டளை வந்தால் முன்னுக்குப் போவது நாங்கள்தான். அம்மாவுக்குச் சமையலறை என்று எழுதியிருக்கிறேன். அவ நம்பவேணும். நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேணும்."

செல்வராசா பார்த்துக்கொண்டார், தனக்குத் தெரிந்த விதத்தில்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிற சுபானி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

"அண்ணை, புஷ்பராணி அக்கான்ர நேர்த்திச் சாமான் வந்திட்டுது. அம்மனுக்கு வைக்கமுதல் சரியோ எண்டு பாருங்கோ."

உடம்பில் எந்த இடத்துக்குக் காவல் வேணுமோ, அதை வெள்ளியில் செய்து வைக்கிறதுதான் நேர்த்தி. செல்வராசா பொட்டலத்தை அவிழ்த்தார்.

கால். ஒன்றல்ல, இரண்டு.

"இது எப்ப சொன்னவா?"

"மகன்ர கடிதம் வந்த மற்ற நாளே வந்து அழுதவா அண்ணை. முட்டை அவிக்கத் தெரியாதவனை எவன் குசினிக்குள்ள விடுவான், எனக்கு ஒளிக்கிறதுக்கு அவனிட்ட ஒண்டே ஒண்டுதான் இருக்கு எண்டு..."

சுபானி சட்டென்று வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவா! அந்த மனுசன் நம்பிக்கொண்டு சிரிச்சுத் திரியிறார், திரியட்டும் எண்டவா."

செல்வராசா பொட்டலத்தை முன்பு இருந்தபடியே மடித்து, நூலைச் சுற்றி, அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் இதைக் காணேல்லைப் பிள்ளை."

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே வழக்கம்போலச் சத்தம் போட்டார்.

"இஞ்சாரும், இண்டைக்குக் கடிதம் வந்ததோ? எத்தினை கிலோ உரிச்சவனாம்?"

"நாப்பத்தஞ்சு," குசினிக்குள்ளிருந்து புஷ்பராணியின் குரல் வந்தது. "கை நோகுதாம்."

செல்வராசா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கால்?"

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"ரெண்டும் இருக்காம்," என்றாள் புஷ்பராணி.