காருக்குள் ஒரு சத்தம்

பழைய கார் ஒன்றின் உள்ளே எங்கோ கடகடவென்று சத்தம் கேட்டது. மெக்கானிக் சந்தேகப்பட்ட பாகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே வைத்தார். அடுத்தது தானோ என்று மேலே தொங்கிய, பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குப் பயம்.

“சிகரெட் சாம்பல் கிண்ணமாத்தான் இருக்கும்,” என்றது கண்ணாடி. கிண்ணம் போனது. சத்தம் கூடியது.

“கடிகாரம், நீதானே?”

“நான் ஓடியே பத்து வருஷமாச்சுண்ணே. நீங்க யாரையாவது கைகாட்டுறப்பதான் சத்தம் அதிகமாகுது,” என்றது கடிகாரம். அதையும் கழற்றிவிட்டார்.

கண்ணாடி பின்னால் பார்த்தது. இருக்கைகள்கூட இல்லை. காலியான காருக்குள் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, கடைசியாகக் கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தி அழுத்தினார்.

கண்ணாடிக்கு எல்லாம் இருட்டாயிற்று. சத்தம் நின்றிருந்தது.